பேருக்கு முன்னால ஒரு புள்ளி

“அது எரர் இல்லைங் அம்மிணி, வார்னிங்,” அப்படின்னாரு வெள்ளிங்கிரி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, மடியில இருக்கற லேப்டாப் சரிஞ்சிராம ஒரு கையால புடிச்சுக்கிட்டு. “எரர்னா பக்கமே வராது, செத்துப்போயிரும். வார்னிங்னா பக்கம் வரும், உள்ளுக்குள்ள ஒருத்தன் மட்டும் பொலம்பிக்கிட்டே இருப்பான்.”

“பொலம்பறதுக்கும் ஒரு அளவு இல்லீங்களாண்ணா?” அந்தப் பக்கம் நஸ்ரின். தபால்ல பாடம் அனுப்பிப் பரீட்சை வெக்கற நிலையத்துல வெள்ளிங்கிரிக்கு அதிகாரி அவதான். வயசுன்னு பாத்தா அவரு மக தாரணியை விட ரெண்டு மூணு கூட இருக்கும். “அந்தப் பொலம்பலையெல்லாம் எழுதி வெக்கற லாக் ஃபைல் ஊதிப்போயி சர்வர்ல இடமே இல்லைன்னு ஹோஸ்டிங்காரர் கத்தறாரு. புள்ளைங்க ஹால் டிக்கெட் எடுக்கற நேரம். ஒத்தை வரில அவன் வாயை அடைச்சிரலாம்னு அவரே சொல்றாரு. அடைச்சு விட்டுருங்களேன்.”

“அடைக்கலாங். அப்பவும் புள்ளி இருக்குமே.”

“என்ன புள்ளி?”

“காத்தால ஒரு அம்மா போன் பண்ணி சத்தம் போட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. எம்புள்ள பேருக்கு முன்னால எழுத்தே இல்லாம வெறும் புள்ளி மட்டும் ஏன் நிக்குதுன்னு. அந்தப் புள்ளி. இவன் வாயை அடைச்சாலும் அது அங்கயேதான் நிக்கும்.”

நஸ்ரின் குரலை எறக்கி, “அண்ணா, நீங்க ஆஸ்பத்திரில இருக்கறப்ப நான் வேற நச்சு பண்றேன். தாரணி எப்படி இருக்காங்க?” ன்னா. உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க, இன்னும் ஒண்ணும் சொல்லலைன்னாரு. “மாப்ள வந்துட்டாருங்களா கத்தார்ல இருந்து?” வெள்ளிங்கிரி எதிர்ச் சுவத்துல ஒட்டியிருந்த, தாய்ப்பாலைப் பத்துன படத்தைப் பாத்தாரு. அதுல ஒரு அம்மா, ஒரு கொழந்தை, பின்னால கையைக் கட்டிக்கிட்டு மீசை வெச்ச ஒருத்தன். “சிக்னல் விட்டு விட்டு வருதுங். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டுக் கூப்புடறேன்”னு சொல்லி வெச்சாரு. சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு கோடும் நிமுந்து நின்னுச்சு.

கத்தாரு. அந்த ஊரு உலகப்படத்துல எந்த மூலைல இருக்குதுன்னு வெள்ளிங்கிரிக்கு ஆறு மாசத்துக்கு முன்னால தெரியாது, பொண்டாட்டி மரகதத்துக்கு இன்னைக்கும் தெரியாது, ஆனா இல்லவே இல்லாத ஒரு ஆளை அங்க கொண்டு போயி வேலைக்குச் சேத்து விட்டவ அவதான். இதோ எதுத்தாப்ல இரும்பு நாற்காலில ஒயர்கூடையைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கா, உதடு மட்டும் அசையுது, முருகனைக் கூப்புடறாளா சுதாகரைக் கூப்புடறாளா தெரியல. சுதாகருங்கறது மாப்ளையோட பேரு. மொதல்ல வெறும் மாப்ளையாத்தான் இருந்தான், கீழ்வீட்டு அக்கா வாசல்ல நிறுத்தி வெச்சுக் கேட்டப்ப அவசரத்துக்கு வாய்ல வந்தது கத்தாரு, அடுத்த வாரம் பேரு வந்துச்சு, அதுக்கடுத்து லீவு குடுக்காத ஒரு மொதலாளி வந்தான், அப்புறம் அவனுக்கு ஒரு இடுப்பு வலி வந்துச்சு. ஒரு தடவை அவளே அடுப்படில நின்னு, கொள்ளு ரசம்னா அவருக்கு உசுருன்னு கீழ்வீட்டு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டு வெள்ளிங்கிரிக்கே அந்தப் பையன் மேல ஒரு பரிதாபம் வந்துருச்சு, பாவம், அந்த ஊர்ல கொள்ளுக்கு எங்க போவான். சிரிக்கலாம். சிரிச்சாருந்தான், மனசுக்குள்ள, ஆனா தாரணி அந்தப் பக்கம் ரூமுக்குள்ள கட்டல்ல படுத்துக்கிட்டு அதே பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாளேன்னு நெனச்ச ஒடனே சிரிப்பு போன எடம் தெரியல. இன்னைக்குக் காத்தால கார்ல வர்றப்ப மரகதம் முன் சீட்டுல ஒக்காந்து டிரைவருக்குக் கேக்காத மாதிரி திரும்பி, “ஏனுங், பேரு கேட்டா சுதாகர்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, மத்ததைப் பின்னால பாத்துக்கலாம்”ன்னா. அவ அங்கிட்டுத் திரும்புனதும் தாரணி இவரு கையைப் புடிச்சா. புடிச்ச புடில நகம் பதிஞ்சுது, வலி வந்திருக்கும் அந்த நேரத்துல. “அப்பா, உள்ள போனதுக்கப்புறம் என்னால பேச முடியாது. கேட்டா நீங்கதான் சொல்லணும். இல்லாத பேரை மட்டும் வெச்சுராதீங்கப்பா.” ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாரு. பாத்துக்கலாம். எத்தனை வருசமா இதைச் சொல்லிக்கிட்டு இருக்காரு, பாத்துக்கலாம், இந்த வார்த்தை ஒண்ணு இல்லாட்டி அவரு குடும்பமும் நடத்தியிருக்க முடியாது, புரோகிராமும் எழுதியிருக்க முடியாது. ஆஸ்பத்திரில சேக்கற இடத்துல நல்லவேளையா அப்பா அல்லது கணவர்னு ரெண்டையும் ஒரே கட்டத்துல கேட்டிருந்தாங்க, தம் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டாரு. கொழந்தைக்கு அந்த அல்லது கெடையாது.

சரி, புள்ளிக்கு வருவோம்னு கண்ணை லேப்டாப்புக்குத் திருப்புனாரு. லாக்குல வரி மேல வரி, எல்லாம் ஒரே வரி, அதே எடம், அதே பேரு, அப்பாங்கற வேரியபிள் டப்பாவுல ஒண்ணும் வெக்கல, வெக்காத ஒண்ணுல இருந்து மொத எழுத்தை எடுக்கச் சொல்றியேன்னு, இவரு புரோகிராம் எழுதற பெர்ல் மொழி பொலம்புது. ஒரு வரிக்கு ஒரு புள்ளைன்னு வெச்சா எத்தனை புள்ளைங்க. ஒரே புள்ள பத்து தடவை தொறந்தும் பாத்திருக்கும், புள்ளி போயிருச்சான்னு. இவரு எழுதுனதுதான், அப்பா பேரோட மொத எழுத்தைக் கிள்ளி எடுத்து, ஒரு புள்ளி வெச்சு, அதுக்குப் பின்னால புள்ளையோட பேரை ஒட்டற வேலை. தமிழ் எழுத்துங்கறதால அதுலயே மொதல்ல பெரிய கூத்து நடந்துச்சு, வெள்ளிங்கிரின்னு தம் பேரையே போட்டுப் பாத்தா கொம்பு கழண்டு வெறும் வ மட்டும் வந்துச்சு, கொம்பையும் சேத்துப் புடுங்கறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. அது வந்ததுக்கப்புறம் வருசக்கணக்கா ஒரு சத்தம் இல்ல. அப்பா பேரு கட்டாயம்னு பக்கத்துல சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது, அந்தக் கட்டத்தை நிரப்பாம ஆரும் தாண்ட முடியாது, அதனால நிரப்புனாங்க. என்னத்த வெச்சு நிரப்புனாங்கன்னு இவருக்குத் தெரியும், பாத்திருக்காரு. வெறும் எக்ஸ். வெறும் கோடு. ஒரு புள்ள அப்பான்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு, அதுக்கு ஹால் டிக்கெட்ல அ-ன்னு இனிஷியல் விழுந்து அது பாட்டுக்குப் போயிருச்சு. ஒரு புள்ள தெரியாதுன்னே எழுதியிருந்துச்சு, அதுக்குத் தெ. அந்தப் புள்ள இப்ப எங்கயோ தெ-ங்கற இனிஷியலோட வேலை பாத்துக்கிட்டு இருக்கும், தென்னரசுவோட புள்ளைன்னு நெனச்சுக்குவாங்க. அப்பெல்லாம் லாக்கு கோயில் மாதிரி அமைதியா கெடந்துச்சு. போன மாசம் நஸ்ரின்தான் நட்சத்திரத்தைத் தூக்கிட்டு, அப்பா பேரு தர விரும்பலைன்னா இங்க டிக் அடிக்கவும்னு ஒரு சின்ன கட்டம் வெக்கச் சொன்னா, டிக் அடிச்சா பேரு எழுதற பெட்டி பூட்டிக்கும். நல்ல காரியம்தான். ஆனா பெட்டியைத் தொறந்து வெச்சுக் காலியா அனுப்பறது வேற, பெட்டியையே பூட்டறது வேற. காலியா அனுப்புனா வெள்ளைத் தாளாவது வந்து சேரும். பூட்டிட்டா ஒண்ணுமே வராது, வரலைங்கற சேதி கூட வராது, அங்கதான் பெர்ல் தடுக்கி விழுகுது. அது வரைக்கும் பொய்யா வந்துக்கிட்டு இருந்துச்சு, லாக்கு வாயே தொறக்கல. இப்ப புள்ளைங்க உள்ளதைச் சொல்லுதுங்க, லாக்கு கெடந்து கத்துது.

கத்தறது லாக்கு இல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல். வெள்ளிங்கிரியோட வெரலு கீபோர்டு மேல அப்படியே நின்னுச்சு. தாரணியா. தாரணி கத்த மாட்டாளே, சின்னதுல கதவுல கையை நசுக்கிக்கிட்டப்பக் கூட கண்ணு மட்டும் தண்ணியா வந்துச்சே ஒழிய வாய் தொறக்கல, கத்துடி கத்துடின்னு மரகதம்தான் கத்துனா. திரும்ப வந்துச்சு அந்தக் குரல், தெலுங்குல அம்மாவைக் கூப்புட்டுச்சு, வேற ஆரோ. மூச்சு திரும்பி வந்ததும் அந்த வேற ஆரோவுக்கு வலிக்கறது தனக்கு நிம்மதியா இருக்குதேன்னு ஒரு மாதிரி இருந்துச்சு. டெட்டால் வாசம், அதுக்கு மேல ஆரோ கொண்டாந்த தக்காளி சாதத்தோட வாசம். பிரஷர் கூட இருக்குதுன்னு டாக்டரம்மா போன வாரம் சொன்னாங்க, கூடன்னா எவ்வளவு கூடன்னு இவரு கேக்கல, மரகதம் கேட்டா, அவங்க சொன்ன நெம்பரு இவரு காதுல விழுந்து அப்படியே கீழ போயிருச்சு. கேக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுங்கற மாதிரி. கேக்காம இருக்கறதுல வெள்ளிங்கிரியை அடிச்சுக்க ஆளு கெடையாது. தாரணி வேலைக்குப் போயிருந்த ஓசூர்ல இருந்து பையைத் தூக்கிக்கிட்டு வாசக் கேட்டுக்கிட்ட வந்து நின்ன அன்னைக்கு மழைத் தூத்தல், துப்பட்டாவை வயித்துக்கு மேல இழுத்து விட்டிருந்தா, அப்படி இழுத்து விட்டதே காட்டிக் குடுத்துருச்சு, இவரு பாத்துட்டாரு, பாத்ததை அவளும் பாத்துட்டா. அந்த எடத்துல ஒரு மனுசன் என்ன கேப்பான். ஆரு சாமி, என்ன ஆச்சு சாமி, ஏன் இத்தனை நாளு சொல்லலை. இவரு கேட்டது, “பஸ்ஸுல கூட்டமா?” அவ, “உக்கார எடம் கெடச்சுதுப்பா”ன்னா. உள்ள வந்தா. தண்ணி குடிச்சா. அதோட முடிஞ்சுது. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்ல ஆரும் அவளை அடிக்கல, திட்டல, வெளிய போகச் சொல்லல, மூணு வேளையும் சோறு, மாசமானா டாக்டரு. பக்கம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, பாக்கறவங்களுக்கு எந்தக் கோளாறும் தெரியாது. நோ வார்னிங்ஸ்னு மேல ஒத்தை வரி. ஹோஸ்டிங்காரர் சொல்ற அதே வரிதான், அதை வீட்டு வாசக்கதவு நெலைல எழுதி ஆறு மாசம் ஆவப் போகுது. உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகல, சொல்றவன் வாய்ல மட்டும் துணி.

டிஃபைண்டுன்னு ஒண்ணு இருக்குது பெர்ல்ல, நல்ல மனுசன். இருக்கா இல்லையான்னு மட்டும் கேக்கும், இருந்தா என்னன்னு கேக்காது. அதைக் கூட இவரு கேக்கல. அப்படி ஒருத்தன் இருக்கானா சாமி, இல்லையா. இருக்கான்னு சொல்லியிருந்தா ஆருன்னு கேக்க வேண்டியிருந்திருக்கும், கேட்டா ஒரு பேரு வந்திருக்கும், பேரு வந்தா ஒரு மூஞ்சி, ஊரு, சாதி, அப்புறம் அவன் வீட்டுப் படி ஏறிப் போயி நிக்கணும், நிக்கறப்ப என்ன சட்டை போட்டுட்டுப் போறதுன்னு கூட ஒரு நாள் ராத்திரி யோசிச்சிருக்காரு. இல்லைன்னு சொல்லியிருந்தா. இல்லைன்னா என்ன மாதிரி இல்லை. செத்துட்டானா, ஓடிட்டானா, இவதான் வேண்டாம்னு வந்துட்டாளா, இல்ல வேற என்னமோ, நெனக்கக் கூடாத ஏதாவது. அங்க வந்து நெனப்பு டக்குனு திரும்பிக்கும், மில்லு நூலு அந்துபோனா மிசினு தானா நிக்குமே அந்த மாதிரி. இல்லைங்கறதுல இத்தனை வகை இருக்குதுன்னு, பெர்ல் நடத்துன பாக்கியநாதன் சாரு போர்டுல போட்டுக் காட்டுனாரு அந்தக் காலத்துல. சாயங்காலக் காலேஜு, நூல் மில்லுல ஷிப்டு முடிஞ்சு தலைல பஞ்சோட வந்து ஒக்காருவாங்க எல்லாரும், பாதிப் பேரு தூங்குவான், டியூப் லைட்டைச் சுத்திப் பூச்சி. பூஜ்யம்னா எண்ணிப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. காலின்னா டப்பா இருக்குது, உள்ள எதுவும் இல்ல. இது ரெண்டும் இல்லடா தம்பிகளா, இது இன்னும் ஆருமே பாக்காதது, இதுக்குப் பேருதான் அன்இனிஷியலைஸ்டு வேல்யூ, அப்படின்னா தமிழ்ல என்ன, வெள்ளிங்கிரி, நீ சொல்லு. முழிச்சுக்கிட்டு இருந்த பாவத்துக்கு இவரைக் கேட்டாரு. இவரு எந்திரிச்சு நின்னு, “இனிஷியல் இல்லாத மதிப்புங் சார்”னாரு. தூங்கிட்டு இருந்தவனெல்லாம் எந்திரிச்சுச் சிரிச்சான். டேய் பெர்லுக்கே அப்பன் யாருன்னு தெரியலயாம்டான்னு பின் பெஞ்சுல ஒருத்தன். சாரும் சிரிச்சுட்டாரு. சிரிக்காம இருந்தது ஒரே ஒருத்தன், இவரு பக்கத்துலயே ஒக்காந்திருந்த செல்வமணி.

செ. செல்வமணி. அவனாத்தான் வெச்சுக்கிட்டான், தம் பேருல இருந்தே மொத எழுத்தை எடுத்து முன்னால ஒட்டிக்கிட்டான், எதுக்குடா உனக்கு ரெண்டு செ-ன்னு மில்லுல புதுசா வர்றவன் கேட்டா சொந்தத் தயாரிப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பான். தெரிஞ்சவன் கேக்க மாட்டான். தெரிஞ்சவன் சண்டை வர்ற வரைக்கும் காத்திருந்து, அப்ப எடுத்து விடுவான் அந்த வார்த்தையை, இனிஷியல் இல்லாதவனேன்னு. அதை விடப் பெரிய வசவு எதுவும் அந்த ஸ்பின்னிங் பிரிவுல கெடையாது, அதுக்கு மேல கைதான் பேசும். அன்னைக்கு வகுப்பு முடியற வரைக்கும் வெள்ளிங்கிரிக்குப் பக்கத்துல திரும்ப முடியல, கழுத்து புடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. வெளிய டீக்கடைல செல்வமணிதான் பேச்சை எடுத்தான், பன்னைப் பிச்சு டீல முக்கிக்கிட்டே. “ஏய்யா வெள்ளிங்கிரி, நீ என்ன சொன்ன? இனிஷியல் இல்லாத மதிப்புன்னுதான? அப்ப மதிப்பு இருக்குதுல்ல. அது தெரியாம சிரிக்கறானுக.” பன்னு ஒடஞ்சு டீக்குள்ள விழுந்துருச்சு, அதுக்கு அவன் பட்ட வருத்தம்தான் வருத்தம். அப்புறம் மில்லு மூடுனாங்க, அவன் திருப்பூரு பக்கம் போனான், அவ்வளவுதான், மூஞ்சி கூட இப்ப சரியா வர மாட்டேங்குது, பன்னு மட்டும் வருது. அந்த வசவு இனி ஆருக்கு. இன்னைக்குப் பொறக்கப் போறது பள்ளிக்கூடத்துக்குப் போகும், அங்க ஒரு வாத்தியாரு பேரு கூப்புடுவாரு, பேருக்கு முன்னால வந்து ஒரு நிமிசம் நிப்பாரு, அந்த நிமிசத்துல வகுப்பே திரும்பிப் பாக்கும். அந்த நிமிசந்தான் புள்ளி. மரகதம் சொல்றது அந்த நிமிசத்தை அடைக்கத்தான, அவ கெட்டவளா, சுதாகர்னு ஒரு பேரை வெச்சுட்டா சு-ன்னு ஒரு எழுத்து வந்துரும், அது பாட்டுக்குத் தெ மாதிரி, அ மாதிரி ஓடிரும், ஓடிரும்தான, எத்தனை புள்ளைங்க ஓடுதுங்க. ஆனா ஒரு நாள் அது கேக்குமே, சுதாகரு எப்பம்மா வருவாருன்னு. அப்பத் தாரணி என்ன சொல்லுவா, பஸ்ஸுல கூட்டமாம்னா. கொள்ளு ரசம் பிரியமாச் சாப்புடுவாருன்னா.

மரகதம் எந்திரிச்சு வந்து பக்கத்துல ஒக்காந்தா. பிளாஸ்க்குல இருந்து காப்பியை மூடில ஊத்தி நீட்டுனா. “இன்னுமா அந்தப் பொட்டியை நோண்டிக்கிட்டு இருக்கறீங்க, உள்ள ஒருத்தி கெடக்கறா.” கோவம் இல்ல குரல்ல, பயம். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. “ஏனுங், சொல்லிருவீங்கல்ல? நாளைக்கு அந்தக் கொழந்தையை ஒரு வார்த்தை எவனாச்சும் சொல்லிப்புட்டா எனக்குத் தாங்காதுங்க.” எனக்கு மட்டும் தாங்குமான்னு நெனச்சுக்கிட்டு, “காப்பி சூடா இருக்குது”ன்னாரு. “உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாட்டுக்கு அந்த சுதாகரையே கட்டியிருக்கலாம்”னா மரகதம். சொன்னதுக்கப்புறம்தான் அவளுக்கே ஒறைச்சுது என்ன சொன்னோம்னு. ஒரு நொடி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க, அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, முந்தானையால வாயைப் பொத்துனா, பொத்துன வேகத்துல சிரிப்பு அழுகையா மாறுச்சு, அதையும் அங்கயே பொத்தி வெச்சுக்கிட்டா. அவரு கையை எடுத்து அவ முதுகுல வெக்கலாம்னு நெனச்சாரு. ஒரு கைல காப்பி மூடி, மறு கைல லேப்டாப்பு. மூடியைக் கீழ வெச்சுட்டு முதுகுல கையை வெச்சாரு. எலும்பா இருந்துச்சு. எப்ப இப்படி எளைச்சா.

பெர்ல்ல, நிமுந்து நிக்கற கோடு ரெண்டு போட்டா, அது பழைய வழி. இதுல எதுவும் இல்லாட்டி இந்தா இதை வெச்சுக்கோன்னு குடுக்கறது. ஆனா அதுக்குப் பூஜ்யத்தையும் புடிக்காது, காலியையும் புடிக்காது, எதுவா இருந்தாலும் கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சாப் போதும், தள்ளிட்டுத் தான் வெச்சிருக்கறதைத் திணிக்கும். சுதாகரு வந்தது அந்த வழியில. சாஞ்ச கோடு ரெண்டு போடறது பின்னால வந்தது, அது கொஞ்சம் மரியாதை தெரிஞ்சது, நெசமாவே ஒண்ணும் வெக்காத எடத்துல மட்டும்தான் கை வெக்கும். சரி, கை வெச்சு என்னத்த வெக்கும். காலியை வெச்சா பொலம்பல் நின்னுரும், புள்ளி போகாது. காத்தால கூப்புட்ட அந்த அம்மா திரும்பக் கூப்புடுவாங்க. என்னமோ அந்த அம்மாவோட குரலு காதுக்குள்ள கேக்கற மாதிரியே இருந்துச்சு, இவரு காதால கேக்காத குரலு, நஸ்ரின் சொன்னதுதான். “எழுத்து வேண்டாம்னா புள்ளியையும் எடுத்துருங்க சாமி. எம்பேரு மூணாவது கட்டத்துல இருக்குது, அதை ஆரும் பாக்கறதே இல்லியா?”ன்னாங்களாம். மூணாவது கட்டம். வெள்ளிங்கிரி ஸ்கிரிப்ட்டை மேல ஓட்டுனாரு. இருக்குது. அம்மாங்கற வேரியபிளு. நட்சத்திரம் போட்டுக் கட்டாயமா வாங்கற பேரு, ஒரு புள்ள விடாம எல்லாம் எழுதுன பேரு, அதுல எக்ஸும் கெடையாது கோடும் கெடையாது. வாங்குனாரு, வாங்கிப் பத்திரமா வெச்சாரு, கீழ கடைசி வரி வரைக்கும் தேடுனாரு, அதை எடுத்து எங்கயும் ஒரு எடத்துல கூட வெக்கல. இத்தனை வருசம் அந்தப் பேரு அங்கயே, ஓரமா, கூப்புடுவாங்கன்னு ஒக்காந்துக்கிட்டு இருந்திருக்குது. வெரலு தானா போச்சு. அப்பா, சாஞ்ச கோடு ரெண்டு, அம்மா. அதுக்குக் கீழ, எழுத்துன்னு ஒண்ணு வந்தாத்தான் புள்ளி வரணும், வராட்டி பேரு தனியா வரட்டும், பேருக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. அமுக்கிட்டு ஒரு ஹால் டிக்கெட்டைத் தொறந்து பாத்தாரு, காத்தால சத்தம் போட்டாங்களே, அவங்க புள்ளையோடது. எழுத்து வந்து நின்னுச்சு, அதுக்குப் பின்னால புள்ளி, பாத்தா அந்தப் புள்ளியே நேத்து வரைக்கும் இருந்த புள்ளி மாதிரி இல்ல. லாக்கைத் தொறந்தாரு. கடைசி வரிக்குக் கீழ ஒண்ணும் வரல. திரும்ப அமுக்குனாரு. ஒண்ணும் வரல. வாயை அடைச்சதால இல்ல. சரியான எடத்துல கேட்டதால. நஸ்ரினுக்குப் போன் போடலாம்னு கையை எடுத்தாரு, அப்படியே கண்ணு கதவுப் பக்கம் போச்சு. காப்பி மூடில ஈ ஒக்காந்திருந்துச்சு. உள்ள இப்ப எந்தச் சத்தமும் இல்ல, தெலுங்குக்காரம்மா கூட அமைதியாயிட்டாங்க, இந்த அமைதி எந்த அமைதி, லாக்கோட அமைதி ரெண்டு வகைன்னு இப்பத்தான பாத்தோம், இது எது, பிரஷரு கூடன்னா எவ்வளவு கூட, கேட்டிருக்கணும், அந்த நெம்பரைக் கேட்டிருக்கணும், பஸ்ஸுல வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், ஆருன்னு கூட வேண்டாம், நீ நல்லா இருக்கியா சாமின்னு ஒரு வார்த்தை, அதைக் கேட்டிருந்தா

“வெ. தாரணி கூட வந்தவங்க ஆருங்க?”

கதவு பாதி தொறந்து, பச்சைத் துணி கட்டுன சிஸ்டர் ஒருத்தங்க தலையை நீட்டுனாங்க. மரகதம் எந்திரிச்ச வேகத்துல ஒயர்கூடை கவுந்து, சின்னச் சின்ன பழந்துணியெல்லாம் தரைல விழுந்துச்சு. “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொறப்புப் பதிவுக்கு எழுதணும், கொழந்தையோட அப்பா இருந்தா வரச் சொல்லுங்க. இல்லாட்டி பேராச்சும் சொல்லுங்க.”

“அவரு கத்தார்ல...” அப்படின்னு மரகதம் ஆரம்பிச்சா. வெள்ளிங்கிரியைப் பாத்தா.

வெள்ளிங்கிரி லேப்டாப்பை மூடாம நாற்காலி மேல வெச்சாரு. “அப்பான்னு ஆரும் இல்லீங் சிஸ்டர். அந்த எடத்தைக் காலியா விட்டுருங்க. அம்மா இருக்கறா, இனிஷியலுக்கு அவ எழுத்தைப் போட்டுக்கலாம். தா.”

சிஸ்டர் ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாங்க. “நீங்க ஆருங்க அப்ப?”

“தாரணி பேருக்கு முன்னால ஒரு வெ கூப்புட்டீங்கல்ல,” அப்படின்னாரு, “அது நாந்தானுங்.”

“சரி சரி, பேசிக்கிட்டே நிக்காம வாங்க. அப்பா வந்தாச்சான்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்குது.”

மரகதம் கீழ குனிஞ்சு துணியைப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. ஒண்ணை எடுத்து ஒதறி, மடிச்சு, தலை நிமுராம அவரு கைல குடுத்தா. நாற்காலி மேல போன் அடிச்சுது, நஸ்ரின். செருப்பைக் கழட்டி விட்டுட்டு அவரு உள்ள போனாரு.